பிரிப்பதா, இணைப்பதா? கலப்புச் சரக்கில் குருணை போடும் சிறு பட்டறைகளுக்கு ஓர் ஒப்பீடு

வாளியின் காது உடைந்து வந்தால் அது எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். கைப்பிடிக் கம்பி நுழையும் துளையைச் சுற்றி, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் இரண்டாகப் பிரிந்து ஓடி, மறுபக்கத்தில் திரும்பச் சேர்கிறது. சேரும் அந்தக் கோட்டில்தான் கலப்புச் சரக்கு காலை வாரிவிடும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி நான் போடும் குருணையில் வார்த்த வாளிகள் ஒருமுறை ஒரு மினி லாரி நிறையத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் காதுதான் போயிருந்தது. உடைந்த இடத்தை நகத்தால் நெம்பினேன். வாழை மட்டை உரிவதுபோல் தோல் தோலாக உரிந்து வந்தது. எச்.டி. (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) என்று சொல்லி நான் விற்ற சரக்கில் பி.பி. (பாலிபுரோப்பிலீன்) கலந்திருந்தது.

மாதவரம், மணலி, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் என்னைப் போல பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரங்கள் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு காயலான் கடைச் சரக்கை நம்பித் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் இப்போது ஒரே கேள்விதான். பிரிப்பதற்கு இன்னும் ஆள் போடுவதா, இணக்கி வாங்கிக் கலப்பதா, பெராக்சைடு பக்கம் போவதா, சுண்ணத்தூளைப் போட்டு ஒப்பேற்றுவதா, கடன் வாங்கி இரட்டைத் திருகு இயந்திரம் இறக்குவதா? இணக்கி என்று நான் எழுதுவது ஒட்டாத இரண்டு பிளாஸ்டிக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் பொருள். அதைக் கடையில் கம்பாட்டிபிலைசர் என்று கேட்க வேண்டும். 2022 பிப்ரவரியில் பிளாஸ்டிக் கழிவுக்கு அதை உற்பத்தி செய்கிறவர்களே பொறுப்பு என்னும் வழிகாட்டு நெறிகள் வந்த பிறகு, பெரிய வாடிக்கையாளர்கள் மறுசுழற்சிக் குருணையைத் தேடி வருகிறார்கள். வரும்போதே பரிசோதனை அறிக்கையையும் கேட்கிறார்கள். கண்ணுக்கு நன்றாக இருந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சரக்கில் எதோடு எது கலந்திருக்கிறது என்று தெரியாமல் இணக்கிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தெரிந்த பிறகு, கையால் பிரிக்க முடிகிற ஜோடியைப் பிரியுங்கள். பிரிக்கவே முடியாத ஜோடிக்கு மட்டும் இணக்கியைப் போடுங்கள். இந்தப் பாடத்தை இரண்டு மூட்டை இணக்கியை வீணடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் ஒரே குடும்பம். இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஏன் ஒட்டுவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். சர்க்கரை தண்ணீரில் கரையும்போது சின்னச் சின்ன மூலக்கூறுகள் இஷ்டம்போல் சிதறிப் பரவுகின்றன. கலப்பதற்கு அந்தச் சிதறலே பெரிய உந்துதல். பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட நீண்ட சங்கிலி. அதனால் சிதறிப் பரவ முடியாது; கலப்பதால் கிடைக்கும் ஆதாயமும் மிகச் சிறியது. எனவே கொஞ்சம் ஒவ்வாமை இருந்தாலும் இரண்டும் விலகிவிடுகின்றன. எக்ஸ்ட்ரூடருக்குள் எவ்வளவு கடைந்தாலும் குறைவாக இருக்கும் சரக்கு உருண்டை உருண்டையாக மற்றொன்றுக்குள் மிதக்கும். அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெரிதாகவும் செய்யும். ஆறிய பிறகு உருண்டைக்கும் சுற்றியுள்ள சரக்குக்கும் இடையே பிடிப்பு இருக்காது. இழுத்தால் விரிசல் அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

இணக்கியின் வேலை இந்த எல்லையில்தான் நடக்கிறது. அதன் சங்கிலியில் ஒரு பகுதி ஒரு சரக்குக்குள் புதைந்துகொள்ளும், இன்னொரு பகுதி மற்றதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஊருக்கும் வேண்டியவர் நடுவில் நிற்பதைப் போல. இதனால் இரண்டு நன்மைகள் கிடைக்கின்றன. எல்லையில் பிடிப்பு வருகிறது. உருண்டைகள் மோதிச் சேராமல் சிறியதாகவே நிற்கின்றன. பல மைக்ரான் அளவில் இருந்த உருண்டை ஒரு மைக்ரானுக்கும் கீழே இறங்கிவிடும். வலிமையும் அடி தாங்கும் திறனும் அங்கிருந்துதான் வருகின்றன.

எச்.டி.யும் பி.பி.யும்

வடசென்னையில் நம் தலைவலியில் பாதி இந்த ஜோடிதான். எண்ணெய் கேன், ஷாம்பு டப்பா, பெயின்ட் வாளி, நாற்காலி, மூடி எல்லாம் ஒரே சாக்கில் வந்து இறங்குகின்றன. கழுவும் தொட்டியில் தண்ணீர் இவற்றைப் பிரிக்காது. எச்.டி.யின் அடர்த்தி 0.94 முதல் 0.97 வரை, பி.பி.யின் அடர்த்தி 0.90 முதல் 0.91 வரை. இரண்டும் மிதக்கும்.

காதுகள் உடைந்து வந்த பிறகு நான் செய்த முதல் காரியம் தவறானது. விற்பனையாளர் ஒருவர் மாலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிஎத்திலீனைக் கொண்டுவந்து, "எல்லாக் கலப்புக்கும் இதுதான் மருந்து, 3 விழுக்காடு போடுங்கள்" என்றார். 25 கிலோ மூட்டை இரண்டு வாங்கினேன். போட்டேன். வார்த்த பட்டையை வளைத்தால் முன்போலவே தோல் உரிந்தது. காரணம் எளிது. மாலேயிக் அன்ஹைட்ரைடு ஒரு கொக்கி. கொக்கி மாட்ட எதிர்ப்பக்கம் ஒரு வளையம் வேண்டும். பி.பி.யில் அந்த வளையம் இல்லை. பாலிஎத்திலீனிலும் இல்லை. மாட்ட இடமே இல்லாத வீட்டில் கொக்கியை வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்த ஜோடிக்கு வேண்டியது வேறு வகை. எத்திலீனும் புரோப்பிலீனும் ஒரே சங்கிலியில் தொகுதி தொகுதியாகச் சேர்ந்த ஓலிஃபின் பிளாக் கோபாலிமர்கள், அல்லது புரோப்பிலீனை அடிப்படையாகக் கொண்ட, ரப்பர் போன்ற எலாஸ்டமர்கள். இவை வேதிவினை எதுவும் செய்வதில்லை. எல்லையில் போய் உட்கார்ந்துகொண்டு இரு பக்கமும் பின்னிக்கொள்கின்றன. இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை 2017-இல் கார்னெல், மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மாறி மாறி வரும் நான்கு தொகுதிச் சங்கிலியை உருவாக்கி, 70-க்கு 30 என்ற கலவையில் 5 விழுக்காடு சேர்த்தபோது, சட்டென்று முறியும் கலவை நன்றாக நீளும் பொருளாக மாறியது. 1 விழுக்காட்டிலேயே மாற்றம் தெரிந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் நம் கைக்கு எட்டும் எலாஸ்டமர் வகைகளை 5 முதல் 10 விழுக்காடு வரை போட வேண்டியிருக்கிறது. அடி தாங்கும் திறன் கூடும், விறைப்பு குறையும். நாற்காலிக் காலுக்கு அது ஆகாது, வாளிக்கு ஆகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் குருணையின் விலையைப் போல 5 மடங்கு விலையுள்ள இணக்கியை 5 விழுக்காடு போட்டால் மூலப்பொருள் செலவு 20 விழுக்காடு ஏறும். 10 விழுக்காடு போட்டால் 40. கிலோவுக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடும் பட்டறையில் இந்த 20 விழுக்காடு எங்கிருந்து வரும்?

அதனால் இந்த ஜோடிக்குப் பிரிப்பதே என் முதல் தேர்வு. என் பட்டறையில் பிரிப்புப் பாயில் உட்காரும் அக்கா ஒருவர் இருக்கிறார். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிச் சத்தத்தைக் கேட்டே பிரிப்பார். பி.பி. கணீரென்று ஒலிக்கும், எச்.டி. மொத்தென்று ஒலிக்கும். எச்.டி. மெழுகு தடவியதுபோல் வழவழக்கும், நகம் கொஞ்சம் பதியும். பி.பி.யில் நகம் வழுக்கும். அவருக்கே சந்தேகம் வந்தால், "தம்பி, இதன் சத்தம் சரியில்லை, எண்ணெயில் போட்டுப் பாருங்கள்" என்பார்.

எண்ணெய் என்றால் நல்லெண்ணெய். அதன் அடர்த்தி ஏறத்தாழ 0.92. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, விரல் நக அளவுத் துண்டைப் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைக் குச்சியால் தட்டிவிடுங்கள். பி.பி. மிதக்கும், எச்.டி. அடியில் போய் உட்காரும். எல்.டி.க்கு, அதாவது அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீனுக்கு, இதை நம்ப முடியாது. அதன் அடர்த்தி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சுண்ணத்தூள் கலந்த பி.பி.யும் ஏமாற்றும், எண்ணெயில் மட்டுமல்ல, தண்ணீரிலேயே மூழ்கிவிடலாம். மற்றபடி இவ்வளவு மலிவான சோதனைக்கூடம் வேறில்லை. ஒவ்வொரு சாக்கிலிருந்தும் 20 துண்டுகளை எடுத்துப் போட்டாலே அந்தக் காயலான் கடைக்காரர் எவ்வளவு கலந்து அனுப்புகிறார் என்பது தெரிந்துவிடும். விலை பேசும்போது அந்தக் கிண்ணத்தை அவர் கண்முன்னே வையுங்கள்.

நன்றாகப் பிரித்த பிறகும் சில துண்டுகள் தப்பிப் போகத்தான் செய்யும். வாடிக்கையாளர் வாளி வார்க்கிறவர் என்றால் அந்த மிச்சத்துக்குக் கொஞ்சம் எலாஸ்டமர் போடுவது நியாயமான செலவு. சாந்துச் சட்டி வார்க்கிறவர் என்றால் அதுவும் வேண்டாம். தடிமனைக் கொஞ்சம் கூட்டச் சொன்னால் போதும்.

காசிமேட்டு வலை

இங்கே நிலைமை நேர்மாறு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வரும் பழைய வலை மூட்டையைப் பிரித்துக் கொட்டுங்கள். செவுள் வலை நைலான். இழுவலை பெரும்பாலும் எச்.டி. நூல். கயிறு பி.பி. அல்லது எச்.டி. மிதவையும் ஈயக் குண்டும் வேறு. மிதவை, ஈயம், தடித்த கயிறு ஆகியவற்றைக் கத்தியால் அறுத்து ஒதுக்கிவிடலாம். நைலானின் அடர்த்தி 1.14, தண்ணீரில் மூழ்கும். எச்.டி. மிதக்கும். கணக்குப்படி கழுவும் தொட்டியே பிரித்துத் தர வேண்டும்.

தருவதில்லை. காரணம் முடிச்சு. கிழிந்த நைலான் வலையை எச்.டி. நூலால் ஒட்டுப்போட்டு, ஓரக் கயிற்றோடு சேர்த்துக் கட்டி, வருடக்கணக்கில் உப்பில் ஊறவைத்த முடிச்சு அது. கிரைண்டரில் போட்டு அரைத்தாலும் ஒரு விரற்கடை நீளத் துணுக்கில் இரண்டு நூலும் பின்னிக்கொண்டேதான் வெளிவரும். மெல்லிய நைலான் இழைகள் காற்றுக் குமிழியைப் பிடித்துக்கொண்டு எச்.டி.யோடு சேர்ந்து மிதக்கும். எத்தனை முறை கழுவினாலும் ஒரு பங்கு மாறாமல் நிற்கும். ஆள் கூலி கொடுத்துத் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல இது.

அந்த வலைத் துணுக்கை எச்.டி.க்கு வைக்கும் 190 டிகிரியில் ஓட்டினால் என்ன ஆகும்? நைலான் 6 உருகுவது 220 டிகிரியில். உருகாத நைலான் கல் மாதிரி வடிகட்டி மெஷ்ஷில் போய் அடைக்கும். தப்பிப் போனது பொருளுக்குள் மணலாய் உட்காரும். விரிசல் அங்கிருந்துதான் பிறக்கும். சூட்டை 230, 240-க்கு உயர்த்தினால் இரண்டும் உருகும், ஆனால் ஒட்டாது.

ஒன்றுக்கும் உதவாமல் மூலையில் கிடந்த அந்த மாலேயிக் மூட்டை இந்த இடத்தில்தான் எனக்குக் கைகொடுத்தது. நைலான் சங்கிலியின் நுனியில் அமீன் என்ற தொகுதி இருக்கிறது. கொக்கி தேடிய வளையம் அதுதான். எக்ஸ்ட்ரூடருக்குள் உருகிய நிலையில் சில நொடிகளிலேயே இரண்டும் வினைபுரிந்து இமைடு பிணைப்பாக மாறுகின்றன. மறுமுனையில் உள்ள பாலிஎத்திலீன் சங்கிலி எச்.டி.க்குள் புதைந்துகொள்கிறது. இணக்கி கடையில் செய்யப்படவில்லை, உங்கள் எக்ஸ்ட்ரூடர் பாரலுக்குள் செய்யப்படுகிறது.

70 பங்கு நைலான், 30 பங்கு எச்.டி. என்ற கலவையில் இணக்கி இல்லாமல் ஒன்றும், 5 விழுக்காடு போட்டு ஒன்றுமாக இரண்டு பட்டைகள் வார்த்தோம். முதல் பட்டை வளைத்த உடனே 'டக்' என்று முறிந்தது. முறிந்த முகம் சுண்ணாம்புக் கட்டியைப் போலப் பொருபொருவென்று இருந்தது. இரண்டாவது பட்டை வளைவில் வெள்ளைக் கோடு போட்டு மடங்கியதே தவிர முறியவில்லை. என் இயந்திரத்தில் நிற்கும் பையன் அதைத் திருப்பித் திருப்பி ஏழெட்டு முறை வளைத்துவிட்டு, "அண்ணா, இது அதே சரக்கா?" என்று கேட்டான். அதே சரக்குதான்.

இது புதிய வித்தையும் அல்ல. அடித்தாலும் உடையாத நைலான் என்று 1970-களிலிருந்து சந்தையில் இருப்பவற்றின் அடிப்படை இதே வினைதான். அங்கே எச்.டி.க்குப் பதிலாக மாலேயிக் ஒட்டிய ரப்பரைப் போடுகிறார்கள். நீங்களும் நைலானையே முக்கியச் சரக்காக விற்க நினைத்தால், மாலேயிக் ஒட்டிய எலாஸ்டமர் வகையைக் கேளுங்கள். அடி தாங்கும் திறன் இன்னும் கூடும். கயிற்றுப் பி.பி. அதிகம் கலந்திருந்தால் மாலேயிக் ஒட்டிய பி.பி. வேண்டும். பெயரில் மாலேயிக் இருந்தால் போதாது. முதுகெலும்பு எந்தச் சரக்கு என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் ஈரம் எல்லாவற்றையும் கெடுக்கும். நைலான் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பண்டம். ஈரத்தோடு உருக்கினால் சங்கிலி அறுபடும், குருணையில் நுரைக்குழி விழும். மாலேயிக் கொக்கியும் ஈரக் காற்றில் அமிலமாக மாறி வேகம் குறைந்துபோகும். கடலோரக் காற்றில் திறந்த மூட்டையை ஒரு மாதம் விட்டுவைத்தால் நீங்கள் வாங்கிய தரம் அதில் இருக்காது. வாயைக் கட்டி, இன்னொரு பையில் போட்டு, தரையில் படாமல் வையுங்கள். நைலானை ஹாப்பர் டிரையரில் 80 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயில் போதாது. உப்பும் மணலும் போகக் கழுவுவதையும் சொல்ல வேண்டும். மணல் திருகைத் தேய்க்கும், உப்பு இரும்பைத் தின்னும்.

சமையல் எண்ணெய் பாக்கெட்டுகளில் சிலவற்றில் நைலானும் பாலிஎத்திலீனும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கும். அவற்றையும் பிரிக்க முடியாது. அவற்றுக்கும் இதே இணக்கிதான்.

மற்றவை

பெட் பாட்டிலில் எச்.டி. மூடி கலந்த சரக்குக்கு கிளைசிடைல் மெத்தாக்ரிலேட் கொண்ட இணக்கி இருக்கிறது. அதன் எபாக்சித் தொகுதி, பெட் சங்கிலி நுனியிலுள்ள கார்பாக்சில் தொகுதியைப் பிடித்துக்கொள்ளும். வேதியியல் அழகானது. ஆனால் பெட்டை உருக்கும் முன் ஈரத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும். நம் பட்டறை உலர்த்திக்கு அது எட்டாது. மூடி தண்ணீரில் மிதக்கும், பெட் மூழ்கும். பிரித்து விற்றுவிடுங்கள்.

பெராக்சைடு மலிவு என்பதால் சிலர் ஆசைப்படுகிறார்கள். ஒரே பெராக்சைடு பாலிஎத்திலீன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துக் கெட்டியாக்கும், பி.பி. சங்கிலிகளை வெட்டித் தண்ணீர் போல் ஓடவைக்கும். கலவையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இன்று வந்த சாக்கில் எது எவ்வளவு என்று தெரியாத நமக்கு அதைக் கட்டுப்படுத்த வழியே இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைக்கக்கூடிய பொருளும் அல்ல அது. சூட்டில் தானே சிதையும், தீப்பிடிக்கும். என் பட்டறைக்குள் அதை விடமாட்டேன்.

சுண்ணத்தூள், டால்க் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அளவாகப் போட்டால் விறைப்பு கூடும், சூட்டில் வளைவது குறையும். அதற்கென்று கேட்டு வாங்குகிறவர்களுக்குப் போடலாம். ஆனால் ஒட்டாத கலவையை மறைக்கவும் எடையைக் கூட்டவும் போடுவது அடுத்தவன் தலையில் கட்டுவது. எல்லையில் இருந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும், உடைவது இன்னும் சுலபமாகும். அந்தப் பொருள் மறுபடி காயலான் கடைக்கு வந்து நம் தொட்டிக்குத் திரும்பும்போது மிதக்க வேண்டியது மூழ்கும். நம் அக்கா காதால் பிரித்ததெல்லாம் வீணாகும்.

இரட்டைத் திருகு இயந்திரம் நன்றாகக் கலக்கும் என்பது உண்மை. ஆனால் இணக்கி இல்லாமல் வெறும் கலக்கலால் சிறிதாகும் உருண்டை, வாடிக்கையாளர் வார்க்க மறுபடி உருக்கும்போது திரும்பச் சேர்ந்துவிடும். வலைச் சரக்கு மாதாமாதம் நிலையாக வரும் என்ற உறுதி கிடைக்கும்வரை, அந்த இயந்திரம் வைத்திருப்பவரிடம் கூலிக்கு ஓட்டிக்கொள்வதே மேல். என் ஒற்றைத் திருகிலேயே, வேகத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே உலரக் கலந்து போட்டுத்தான் மேலே சொன்ன பட்டைகளை எடுத்தேன்.

சோதனைக்கு என்று ஒரு நாளை ஒதுக்குங்கள். விற்பனையாளரிடம் முதலில் மாதிரிக்குச் சில கிலோ மட்டும் கேளுங்கள். முழு மூட்டை வாங்கினால்தான் தருவேன் என்கிறவரை விட்டுவிடுங்கள். ஒரே நாளில், ஒரே சாக்குச் சரக்கில் 0, 2, 4, 6 விழுக்காடு என்று நான்கு கலவைகள் போடுங்கள். கைச் சோதனையில் தேறியதை மட்டும் கிண்டியில் உள்ள, பிளாஸ்டிக்கைப் பரிசோதித்துத் தரும் சிப்பெட் நிறுவனத்துக்கு எடுத்துப் போங்கள். இழுவிசை, வெட்டுப் போட்ட பட்டையின் அடி தாங்கும் திறன், எம்.எஃப்.ஐ. எனப்படும் உருகோட்ட எண் ஆகிய மூன்றும் போதும். பெரும்பாலும் 4-க்கும் 6-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எல்லை நிரம்பிய பிறகு போடுகிற இணக்கி சும்மா கிடக்கும். அந்த 2 விழுக்காடு உங்கள் பணம்.

நைலான் பட்டைகளை வார்த்த அன்றே வளைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அச்சிலிருந்து வந்த நைலான் காய்ந்து விறைத்து இருக்கும். காற்றின் ஈரத்தைக் குடித்த பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியும். ஒவ்வொரு பட்டையிலும் விழுக்காட்டையும் தேதியையும் மார்க்கர் பேனாவால் எழுதி, ஒரு ஓட்டை போட்டு, நூலில் கோத்து ஆணியில் மாட்டிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிரிப்புப் பாயில் உட்காரும் அக்காவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வளைத்துப் பாருங்கள்.